குளிர்கால உழவர் சந்தை

(தமிழ்நாட்டில் 1999 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசுத் திட்டம் பற்றி அறிய, உழவர் சந்தை என்ற கட்டுரையைப் பார்க்க.)

குளிர்கால உழவர் சந்தை என்பது, பனி பெய்யும் நாடுகளில் வயல்கள் உறைந்து கிடக்கும் மாதங்களிலும் உழவர்கள் தம் விளைபொருட்களை நுகர்வோருக்கு நேரடியாக விற்கும் சந்தை ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் வடபகுதியில் பெரும்பாலான உழவர் சந்தைகள் இலையுதிர் காலத்துடன் மூடப்பட்டுவிடுகின்றன. ஆண்டு முழுவதும் நடைபெறும் சிலவற்றுள் நன்கு அறியப்பட்டது நியூயார்க் நகரின் யூனியன் சதுக்கப் பசுமைச் சந்தை.

வரலாறு

1970களில் நியூயார்க்கைச் சுற்றியிருந்த சிறு உழவர்கள், மொத்த வணிகரிடம் கட்டுப்படியான விலை கிடைக்காமல் நிலத்தை விற்று வந்தனர். நகரிலோ புதிய காய்கனிகள் கிடைப்பது அரிதாக இருந்தது. இவ்விரு குறைகளையும் ஒருசேரத் தீர்க்க எண்ணிய பாரி பெனபி என்ற நகரத் திட்டமிடலாளரும் ராபர்ட் லூயிசும், 1976 சூலையில் மன்ஹாட்டனின் 59 ஆம் தெருவில் முதல் சந்தையைத் தொடங்கினர். அதே ஆண்டில் யூனியன் சதுக்கத்திலும் சந்தை தோன்றியது. இது திங்கள், புதன், வெள்ளி, சனி ஆகிய நாட்களில் திறந்தவெளியில் கூடுகிறது.

கிடைக்கும் பொருட்கள்

பனிக்காலத்தில் என்ன விளையும் என்ற ஐயம் இயல்பானதே. உண்மையில், மேசையில் இருப்பவற்றுள் பெரும்பகுதி இலையுதிர் காலத்தில் அறுவடை செய்து சேமிக்கப்பட்டதாகும்: ஆப்பிள், உருளைக்கிழங்கு, காரட், பீட்ரூட், முட்டைக்கோசு, வெங்காயம், தடித்த தோலுடைய பூசணி வகைகள். சேமிப்பு எளிய செயலன்று. ஆப்பிளை 0 °செ அளவில், ஆக்சிசன் குறைக்கப்பட்ட அறையில் பல மாதங்கள் வைக்கலாம். அதே குளிரில் பூசணி கெட்டுவிடும்; அதற்குச் சுமார் 10 °செ வெப்பநிலை தேவை. உருளைக்கிழங்கை மிகக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் அதன் மாப்பொருள் சர்க்கரையாக மாறி, பொரிக்கும்போது கருகும். ஆப்பிள் வெளியிடும் எத்திலீன் வளிமம் காரட்டைக் கசக்கச் செய்யும் என்பதால் இரண்டையும் ஒரே அறையில் வைப்பதில்லை.

சில பயிர்களுக்குக் குளிர் நன்மையே செய்கிறது. பரட்டைக்கீரையும் பார்ஸ்னிப் கிழங்கும் உறைபனி பட்டபின் இனிக்கும். உறையாமல் தம்மைக் காத்துக்கொள்ள அவை சர்க்கரையைச் சேர்த்துக்கொள்வதே காரணம். மேய்ன் மாநில உழவர் எலியட் கோல்மன், சூடேற்றப்படாத பசுங்குடில்களில் குளிர்காலம் முழுதும் கீரை அறுக்கும் முறையைப் பரப்பினார். பகற்பொழுது 10 மணி நேரத்துக்குக் கீழே குறைந்தால் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே செடிகள் அதற்குமுன்பே வளர்ந்திருக்க வேண்டும். பசுங்குடில் அவற்றை உயிருடன் வைத்திருக்கும் கிடங்காகவே பயன்படுகிறது. குளிர்காலத்தின் இறுதியில் புதிய மேப்பிள் பாகு வரும். ஒரு லிட்டர் பாகுக்குச் சுமார் 40 லிட்டர் மரச்சாற்றைக் காய்ச்ச வேண்டியிருப்பதால் அதன் விலை வியப்புக்குரியதன்று.

விதிகள்

விற்பவர் தாமே விளைவித்ததை மட்டுமே விற்க வேண்டும் என்பது பசுமைச் சந்தைகளின் அடிப்படை விதி. இவ்விதி கடுமையாகச் சோதிக்கப்படுவது குளிர்காலத்தில்தான். சரக்கு குறையும்போது மொத்தச் சந்தையில் வாங்கி மேசையை நிரப்பும் ஆசை எழும். அவ்வாறு செய்ய இடமளித்தால் உண்மையில் பயிரிடுபவர் விலையில் போட்டியிட இயலாது. இதனால் பண்ணைகள் நேரில் ஆய்வு செய்யப்படுகின்றன. விதி தளர்வான சந்தைகளில் சனவரி மாதத்தில் வாழைப்பழமோ ஆரஞ்சோ காணப்பட்டால், அது நியூயார்க் மண்ணில் விளைந்ததன்று என்பது தெளிவு. தக்காளியைக் கொண்டு மட்டும் அவ்வாறு முடிவு செய்ய இயலாது. சூடேற்றப்பட்ட பசுங்குடிலில் அது விளையும்.

வாங்குவோர்

வறியோருக்கு அரசு வழங்கும் உணவு உதவி அட்டையை ஆண்டு முழுவதும் பயன்படுத்தலாம். ஆனால் தாய்மாருக்கும் முதியோருக்கும் வழங்கப்படும் உழவர் சந்தைச் சீட்டுகள் பொதுவாகக் கோடை, இலையுதிர் மாதங்களுக்கு மட்டுமே செல்லும். எனவே அவர்களுள் பலர் குளிர்காலத்தில் சந்தைக்கு வருவதில்லை.

கடுங்குளிர் நாட்களில் கீரைகள் மேசையிலேயே உறைந்துவிடும். அதனால் உழவர்கள் அவற்றைப் போர்வையால் மூடியோ வண்டிக்குள்ளோ வைத்திருப்பர். மேசை வெறுமையாகத் தோன்றினாலும் கேட்டால் எடுத்துத் தருவர்.