சேலை உடுத்திய மாதா

கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்தை அடுத்துள்ள சிற்றூர் கோணான்குப்பம். அங்குள்ள பெரியநாயகி மாதா ஆலயத்தைத் தோற்றுவித்தவர் வீரமாமுனிவர். இத்தாலியில் மாந்துவாவை ஒட்டிய காஸ்திலியோனே என்ற ஊரில் 1680 நவம்பரில் பிறந்தவர், இயற்பெயர் பெஸ்கி. மறுமலர்ச்சிக் கால ஓவியர் மாந்தேன்யா 1474-இல் தீட்டி முடித்த அறை மாந்துவா அரண்மனையில் இன்றும் இருக்கிறது. பரோக் கலையின் பெருஞ்சிற்பி பெர்னினி ரோமில் கண்மூடியதும் பெஸ்கி பிறந்த அதே மாதத்தில்தான்.

மறுமலர்ச்சிக் கலை அளவையும் அமைதியையும் நாடியது. பின்வந்த பரோக், பார்ப்பவரின் நெஞ்சை அசைத்து இழுக்க முனைந்தது. பெஸ்கி 1698-இல் சேர்ந்த இயேசு சபை இக்கலையைத் தன் மறைப்பணிக்குக் கருவியாக்கிக்கொண்டது. அச்சபையைச் சேர்ந்த ஆந்திரேயா பொட்ஸோ ரோமின் புனித இஞ்ஞாசியார் ஆலய விதானத்தில் வானமே திறந்துகொண்டதுபோல ஓர் ஓவியத்தை 1694-இல் முடித்தார். அந்த மாயத்தை முழுதாகக் காண எங்கே நிற்பது என்று தரையில் ஒரு வட்டக்கல் பதித்திருக்கிறார்கள்.

அதே நூற்றாண்டில் சிதம்பரத்திலும் விதானம் வண்ணம் கண்டது. நடராசர் கோயிலின் சிவகாமசுந்தரி சந்நிதி மண்டபத்தில் நாயக்கர் கால ஓவியர்கள் பிச்சாடனரும் மோகினியும் தாருகாவனம் புகுந்ததையும் மாணிக்கவாசகர் வரலாற்றையும் வரிசை வரிசையாகத் தீட்டினார்கள். இங்கே ஓரிடத்தில் நின்றால் போதாது. கழுத்தை அண்ணாந்தபடி நடந்தால்தான் கதை நகரும். ரோமின் விதானம் மலைக்க வைக்கிறது, சிதம்பரத்தின் விதானம் கதை சொல்கிறது.

1710-இல் இந்தியா வந்த பெஸ்கி, இப்படிக் கதை கேட்டுப் பழகிய மண்ணில் ரோமாபுரி விதானத்தைப் பெயர்த்து வைக்க முயலவில்லை. சூசையப்பரைத் தலைவராக வைத்து 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடினார். 17-ஆம் நூற்றாண்டு ஸ்பானியத் துறவி ஆகிர்தா மரியாவின் நூலே அதற்கு மூலம். பரோக் காலத்துப் பக்தி, தமிழ் விருத்தத்தில் காப்பியமாயிற்று.

மாதாவின் உருவமும் அவ்வாறே மாறியது. தமிழ்ப் பெண்போலச் சேலையும் நகையும் அணிந்து, கையில் குழந்தையோடு நிற்கும் கோணான்குப்பத்துச் சுரூபம் மணிலாவில் செய்வித்தது என்பது வழிவழிச் செய்தி. ஸ்பானியர் ஆண்ட மணிலாவில் சீனத் தச்சர்கள் ஐரோப்பியப் புனிதர்களை மரத்திலும் தந்தத்திலும் செதுக்கிவந்த காலம் அது. பரோக்கை ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதாக எழுதுவோர் இப்பட்டறைகளை மறந்துவிடுகிறார்கள்.

பெயரும் இம்மண்ணின் பெயர்தான். விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலின் அம்மனுக்குப் பெரியநாயகி என்றே பெயர். அந்தப் பெயரோடு மாதாவுக்குக் கோணான்குப்பத்தில் ஆண்டுதோறும் ஜனவரியில் பெருவிழா நடக்கிறது.