பட்மன்: ஒரு தேர்தல் மாவட்டமும் அதைச் சூழ்ந்த சிரிப்பும்

துருக்கியில் ஒவ்வொரு மாகாணமும் பொதுவாக ஒரு தேர்தல் மாவட்டமாகவும் அமைவதால், நாட்டின் தென்கிழக்கே குர்திய மக்கள் பெரும்பான்மையாக வாழும் பட்மன் மாகாணம் தன் பெயரிலேயே நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர்களைத் தெரிவுசெய்கிறது. லத்தீன் எழுத்தில் அப்பெயரும் அமெரிக்கச் சித்திரக்கதை நாயகனான பேட்மேனின் பெயரும் ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் ஒன்றாக இருப்பது, முடிவுப் பட்டியல்களைக் காணும் அயல்நாட்டாருக்கு நெடுங்காலமாகச் சிரிப்புக்குரிய செய்தியாக இருந்துவருகிறது.

நாயகன் அச்சில் தோன்றியது 1939இல். ஊரோ தன் பெயரை டைகிரிஸ் ஆற்றின் கிளையான பட்மன் ஆற்றிடமிருந்து பெற்றது. அந்த ஆற்றின் குறுக்கே 12ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட மலபாடி கற்பாலம், அகன்ற ஒற்றை வளைவுடன் இன்றும் நிற்கிறது. நகரம் மட்டும் இளையது. 1940இல் அருகிலுள்ள ராமன் மலையில் எண்ணெய் கண்டெடுக்கப்பட்டு, 1955இல் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியபோது, இலுஹ் என்ற சிற்றூரைச் சுற்றித் தொழிலாளர் குடியேறினர். 1957இல் அது பட்மன் என்ற பெயருடன் மாவட்டத் தலைநகராகி, 1990இல் தனி மாகாணமாயிற்று.

இந்தப் போக்கு இலங்கையின் மன்னார் மாவட்டத்திலுள்ள முருங்கன் மக்களுக்கு அந்நியமானதன்று. முருங்கனில் வெட்டிய களிமண் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்குச் சென்ற காலத்தில், இவ்வூரின் மண்ணும் அரச தொழில்துறையின் மூலப்பொருளாக இருந்தது. 1947 முதல் தனக்கென ஓர் உறுப்பினரைத் தெரிவுசெய்த மன்னார், 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் விகிதாசார முறையில் வவுனியா, முல்லைத்தீவு ஆகியவற்றுடன் சேர்ந்து வன்னித் தேர்தல் மாவட்டமாக்கப்பட்டதால், அதன் பெயர் அம்மாவட்டத்தின் ஒரு தொகுதிப் பெயராக மட்டுமே எஞ்சியது. தேர்தல் மாவட்டத்தின் பெயரும் எல்லையும் வாக்காளரின் கையில் இல்லை என்பதை இப்பகுதியினர் பட்டறிந்தவர்கள்.

பட்மன் மீதான சிரிப்பு உலகெங்கும் பரவியது 2008இல்தான். கிறிஸ்டோபர் நோலன் இயக்கிய பேட்மேன் திரைப்படம் வசூலைக் குவித்த அவ்வாண்டில், நகர முதல்வர் ஹுசெயின் கல்கான், தம் ஊரின் பெயரைக் கேளாமலே எடுத்தாண்டதற்காக இயக்குநர் மீதும் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின் மீதும் வழக்குத் தொடுக்கப்போவதாக அறிவித்தார். வெளிநாடுகளில் கடை நடத்தும் பட்மன்காரர்கள் தம் ஊர்ப்பெயரைப் பலகையில் எழுத இயலாமல் இடர்ப்படுவதாகவும் அப்போது கூறப்பட்டது. உலக ஊடகங்கள் இதை வேடிக்கைச் செய்தியாக வெளியிட்டன. ஆனால் அதே குற்றச்சாட்டில், ஊரில் துலங்காத கொலைகளும் இளம்பெண்களின் தற்கொலைகளும் இடம்பெற்றிருந்தன. அவற்றைத் திரைப்படத்தின் விளைவாகக் காட்டியது பிழை என்பதில் ஐயமில்லை. அவை படத்துக்கு முந்தியவை. நாடாளுமன்ற உறுப்பினர் மெஹ்மெத் சின்ஜார் 1993இல் அந்நகரில்தான் சுட்டுக்கொல்லப்பட்டார். பட்மன் பெண்களின் தற்கொலைச் செய்திகள் ஓர்ஹான் பாமுக் 2002இல் வெளியிட்ட ‘பனி’ நாவலுக்குப் பின்புலமாயின. காரணம் பிழையானாலும் துயரம் மெய்யானது. அதைக் கேளாமல் பெயரை மட்டும் கேட்டுச் சிரித்தது பெரிய அநீதி.

2018இல் மாகாண எல்லையையே பேட்மேனின் வௌவால் சின்னத்தின் வடிவில் மாற்றி வரையுமாறு கோரிய இணைய மனுவில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர், எல்லை மாறவில்லை.

மாறியவை தேர்தல் முடிவுகளின் பயன்களே. நாடளாவிய வாக்கில் 10 சதவீதம் பெறாத கட்சிக்கு ஆசனம் இல்லை என்ற விதியால், 2002இல் பட்மனில் முதலிடம் பெற்ற குர்திய சார்புக் கட்சிக்கு அங்கு ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. அந்தத் தடை 2022இல்தான் 7 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மாநகர ஆட்சியிலோ, தெரிவான முதல்வரை நீக்கி அரசு தன் ஆளை அமர்த்தும் ‘கய்யூம்’ எனப்படும் பொறுப்பாளர் முறை 2016 முதல் மீண்டும் மீண்டும் கையாளப்பட்டது. 2024 மார்ச் மாதத் தேர்தலில் அறுபது சதவீதத்துக்கும் மேற்பட்ட வாக்குகளுடன் வென்ற குலிஸ்தான் சோனுக், அவ்வாண்டு நவம்பர் 4ஆம் தேதி பதவியிலிருந்து அகற்றப்பட்டார். அவருடைய இடத்தில் மாகாண ஆளுநர் பொறுப்பாளராக அமர்த்தப்பட்டார்.