தொங்கும் இமையைத் தூக்க, தொடையிலிருந்து ஒரு நாடா

1/ ஓரிக்கை, உத்திரமேரூர் பக்கம் பெற்றோர் அடிக்கடி சொல்வது இது: "பொறந்ததுலேர்ந்தே ஒரு கண்ணு பாதிதான் திறக்குது டாக்டர். வளர்ந்தா சரியாயிடும்னாங்க." டோசிஸ்னு சொல்ற இந்த இமைச்சரிவுக்கு 140 வருஷ அறுவை சிகிச்சை வரலாறு இருக்கு. பொறுமையா படிங்க.

2/ மேல் இமையைத் தூக்குவது லெவேட்டர் தசை. பிறவியிலேயே அது சரியா வளரலைன்னா இமை தொங்கும். அந்தக் குழந்தை புருவத்தை உயர்த்தி, முகத்தை அண்ணாந்துதான் பார்க்கும். அதாவது, நெற்றித் தசையைக் கடன் வாங்குது.

3/ சர்ஜன்களும் அதையேதான் பிடிச்சாங்க. 1880ல டிரான்சார் என்பவர் இமையை நெற்றித் தசையோட நூலால் இணைச்சார். யோசனை சரி. ஆனா நூல் மட்டும்னா நாளடைவில் தளரும், இல்லைன்னா திசுவை அறுத்துடும். இமை மறுபடி இறங்கும்.

4/ அப்போ நூலுக்குப் பதிலா என்ன? நம்ம உடம்புலயே இருக்கு. தொடையின் வெளிப்பக்கம் தோலுக்குக் கீழே ஃபேஷியா லேட்டான்னு வெள்ளையா, உறுதியா ஒரு சவ்வு. 1909ல எர்வின் பேயர் அதைப் பயன்படுத்தினார். 1922ல ரைட் அதை "உயிருள்ள தையல்" என்றார். 1956ல டொரொண்டோவின் கிராஃபோர்டு செய்முறையை ஒழுங்குபடுத்தினார். சொந்தத் திசு என்பதால் உடம்பு ஏத்துக்கும், நீண்ட காலம் நிற்கும்.

5/ சிக்கல்: சுமார் 3 வயசுக்குள்ள குழந்தையின் கால் சின்னது. போதுமான நீளத்துக்கு நாடா கிடைக்காது.

6/ அடுத்த வழி, இறந்தவர் தானம் தந்த சவ்வு. காலில் காயம் இல்லை. ஆனா உடம்பு அதை மெல்லக் கரைக்கலாம், இமை மறுபடி சரியலாம். திசு தானம் நமக்குப் புதுசு இல்லை. 1819ல தொடங்கிய சென்னை கண் மருத்துவமனையில்தான் 1945ல இந்தியாவின் முதல் கண் வங்கி வந்தது, டாக்டர் முத்தையாவின் முயற்சியில். அங்கே பெறுவது கருவிழி. உறுப்பு மாற்றுச் சட்டம் 1994ல வந்தது. அதில் "திசு" என்ற சொல் சேர்ந்தது 2011 திருத்தத்தில்தான்.

7/ மூணாவது, 1960கள்ல வந்த சிலிக்கான் கம்பி. சின்னக் குழந்தைக்கும் போடலாம், அப்புறம் கூட்டிக் குறைக்கலாம், எடுத்தும் விடலாம். தளரும் வாய்ப்பு அதிகம்.

8/ ஏன் இவ்வளவு அவசரம்? பார்க்கக் கத்துக்கறது மூளை. இமை கண்மணியை மறைச்சா அந்தக் கண்ணோட பார்வை வளராது. பத்து வயசுல இமையைத் தூக்கினா அழகு வரும், இழந்த பார்வை முழுசா வராம போகலாம். அதனால "பெரிசானதும் பார்த்துக்கலாம்" வேண்டாம். எந்த வயசானாலும் உடனே கண் டாக்டரிடம் காட்டுங்க. ஆபரேஷன் எப்போ, எந்த நாடா என்பதை அவர் சொல்லட்டும்.

9/ ஆபரேஷனுக்கு அப்புறம் தூங்கும்போது கண் முழுசா மூடாது. பயப்படாதீங்க, ஆனா களிம்பை விடாதீங்க.

10/ கடைசியா: நல்லா இருந்தவருக்குத் திடீர்னு இமை இறங்கினா இந்தக் கதை பொருந்தாது. பாம்புக்கடியா, பக்கவாதமா எதுவும் இருக்கலாம். 108க்கு அடிங்க.