சுருள் கூந்தலின் வரலாறு

கூந்தலை நெடுநாள் சுருண்டிருக்கச் செய்யும் ‘பெர்ம்’ முறையை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் வகுத்தவர் கார்ல் நெஸ்லர் என்னும் செருமானியர். சூடேற்றிய பித்தளை உருளைகளால் அவர் செய்த முதற் சோதனைகளில் மனைவி கத்தரினாவின் கூந்தல் கருகிற்று.

முடிக்கு உறுதி தருபவை கந்தகப் பிணைப்புகள். அவற்றை மருந்தால் தளர்த்தி, முடியை உருளையிற் சுற்றி, மீண்டும் பிணைப்பதே இக்கலை. 1938-இல் ஆர்னால்டு வில்லாட் சூடின்றியே இதனைச் செய்யும் வழி கண்டார். அவ்வழியில் வளர்ந்த காரமருந்துகள் முரட்டு முடிக்கு ஏற்றவை. மெல்லிய முடியையும் சாயமேற்றிய முடியையும் சிதைக்க வல்லவை. 1970-களில் அத்தகைய முடிக்கென மென்மையான அமில மருந்து வந்தது.

எல்லார்க்கும் ஒரே முறை என்னும் எண்ணம் அகல ஏறத்தாழ 70 ஆண்டுகள் ஆயின. முடியின் இயல்பை முதலில் அறிக. மருந்தைப் பின்னர்த் தேர்க. வகுப்பறையில் நான் கற்ற பாடமும் அதுவே.