தரிசுப் புஞ்சையைக் காட்டுயிர்களுக்கு விடலாமா? தென்காசி விவசாயிகளுக்குச் சில யோசனைகள்

தென்காசி மாவட்டத்தில் ஆலங்குளம், சுரண்டை, சங்கரன்கோவில் பக்கம் பயிர் வைக்காமல் கிடக்கும் புஞ்சைகள் நிறைய. கிணறு வற்றியது, வேலைக்கு ஆள் கிடைக்காதது, பிள்ளைகள் வெளியூர் போனது எனக் காரணங்கள் பல. "சும்மாதானே கிடக்கு, பறவையும் விலங்கும் வந்து தங்கட்டுமே" என்று நிலத்துக்காரர் நினைக்கிறார். "அப்படி விட்டால் பன்றிதான் வரும்" என்று பக்கத்து நிலத்துக்காரர் பயப்படுகிறார்.

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. நிலத்தை வெறுமனே போட்டுவிட்டால் அங்கே சீமைக்கருவேலம்தான் அடர்ந்து முளைக்கும். அந்தப் புதர், காட்டுப்பன்றி பகலில் படுத்துக் கிடக்க மிக வசதியான இடம். அதே நிலத்தில் புல்லும் நாட்டு முட்செடியும் இடைவெளி விட்ட மரமும் இருந்தால் கவுதாரி, காடை, முயல், கீரி, கூகை, தேனீ வரும். எந்தச் செடி நிற்கிறதோ, அதற்கேற்ற உயிரினம்தான் வந்து சேரும்.

முதலில் மண்ணும் நீரும்

நிலம் கெட்டுவிட்டது என்றதும் மரக்கன்று வாங்க ஓடுகிறோம். மேல்மண் அடித்துப்போன நிலத்தில் கன்று நட்டால் இரண்டு கோடை தாங்காது. விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள ஆரோவில் இதற்கு நல்ல பாடம். 1968-இல் அங்கே குடியேறியவர்கள் வந்தபோது அது மழைநீர் அரித்துப் பள்ளம் பள்ளமாகக் கிடந்த செம்மண் மேடு. மழைநீர் ஓடிவிடாமல் வரப்புகள் போட்டு நிறுத்திய பிறகுதான் மரங்கள் பிடித்தன. இன்று அங்கே நரியும் முள்ளம்பன்றியும் இருக்கின்றன.

அங்கிருந்து இன்னொரு பாடமும் உண்டு. விரைவாக நிழல் வேண்டும் என்று தொடக்கத்தில் ஆஸ்திரேலிய வேலமரங்களை அதிகம் நட்டார்கள். 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் அடித்தபோது அவை ஏராளமாகச் சாய்ந்தன. நாட்டு மரங்கள் பெரும்பாலும் தாங்கி நின்றன.

நம் நிலத்தில் சரிவுக்குக் குறுக்கே சமஉயர வரப்பு போட்டு, வரப்பின் மேல்பக்கம் இடைவெளி விட்டுக் குழிகள் வெட்டினால் போதும். பொத்தை அடிவாரத்து நிலங்களுக்கு இது மிக அவசியம். பண்ணைக்குட்டை இருந்தால் ஒரு பக்கத்தைச் சாய்வாக, படிபோல் வெட்டுங்கள். பிளாஸ்டிக் விரித்த குட்டையில் விழும் முயலும் கீரியும் ஏற முடியாமல் செத்துப்போகின்றன. ஓரத்தில் பழைய சாக்கையோ தேங்காய்நார்க் கயிற்று வலையையோ தொங்கவிட்டால் பிழைத்துக்கொள்ளும்.

சீமைக்கருவேலத்தை எடுப்பது

மேலாக வெட்டினால் நாலு மடங்காகத் துளிர்க்கும். தூரோடு, வேரோடு எடுக்க வேண்டும். ஒரே நேரத்தில் மொத்தத்தையும் ஜேசிபி வைத்து வழிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. வெறும் மண் அடுத்த மழையில் அடித்துப்போகும். மண்ணில் கிடக்கும் விதையும் திரும்ப முளைக்கும். பகுதி பகுதியாக எடுத்து, எடுத்த இடத்தில் உடனே கொழுக்கட்டைப்புல் விதையைத் தூவுங்கள். மழை முடிந்ததும் முளைத்திருக்கும் இளங்கன்றுகளைக் கையால் பிடுங்கிவிடலாம். இரண்டு மூன்று வருடம் இந்த வேலை விடாது. விறகும் கரியும் விற்றுவரும் பணம் செலவில் ஒரு பங்கைத் தாங்கும்.

எடுக்கும்போது நம் நாட்டு உடைமரத்தையும் சேர்த்துச் சாய்த்துவிடாதீர்கள். குடை விரித்தாற்போன்ற தலை, நீண்ட வெள்ளை முள், சுருண்ட காய் இருந்தால் அது உடை. கதிர்போல் தொங்கும் பூவும் நீண்ட மஞ்சள் காயும் இருந்தால் சீமைக்கருவேலம்.

எதை நடுவது, எப்போது நடுவது

சமவெளிப் புஞ்சையில் மரத்தை நெருக்கி நட வேண்டாம். கவுதாரிக்கும் காடைக்கும் காடு தேவையில்லை. திறந்த புல்வெளியும் அங்கங்கே புதரும் போதும். உடை, உசில், வேம்பு, இலந்தை என்று சில மரங்கள். இடையில் ஆவாரை, விராலி, சூரை, காரை. ஓரத்தில் கிளுவை வேலி. பட்டுப்போன பனையை வெட்டாதீர்கள். அதன் பொந்தில்தான் ஆந்தையும் பனங்காடையும் குஞ்சு பொரிக்கும். ஆந்தையும் கூகையும் எலி பிடிக்கும். சூரியகாந்தி விதைப்பவர்களுக்குப் பக்கத்தில் தேனீ இருப்பது மணி பிடிக்க உதவும். கிளியும் வரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். மணி முற்றும் நாட்களில் காவல் தேவைப்படும்.

ஓடை, வாய்க்கால் ஓரத்தில் நாவல், நீர்மருது, புங்கன், அத்தி வைக்கலாம்.

குற்றாலத்தில் சாரல் விழுகிறது என்று ஆனி, ஆடியில் ஆலங்குளத்தில் கன்று நடாதீர்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்று மலையடிவாரத்துக்குத்தான் ஈரம் தரும். சமவெளியில் கன்றைக் காயவைத்துவிடும். குற்றாலம், மேக்கரை, செங்கோட்டைப் பக்கத்தார் சாரலில் நடலாம். மற்றவர்கள் புரட்டாசி கடைசியில், வடகிழக்குப் பருவமழையை ஒட்டி நடுவதே சரி. இரண்டடிக்கு இரண்டடிக் குழி, தொழுவுரம், மேலே காய்ந்த இலை மூடாக்கு. முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் கொடுக்க வழி இல்லாவிட்டால் கன்றின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

யானை, பன்றி, மயில்

வடகரை, மேக்கரை போன்ற காட்டோரக் கிராமங்களில் இந்த முயற்சியைத் தனி ஆளாகத் தொடங்க வேண்டாம். பக்கத்து நிலத்துக்காரரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் பேசிவிட்டுச் செய்யுங்கள். குறும்பலா குற்றாலத்தின் தலமரம்தான். ஆனாலும் யானை நடமாடும் ஓரத்தில் பலா, மா, வாழை வைப்பது யானையைக் கூப்பிடுவதற்குச் சமம். விடும் நிலத்துக்கும் பயிர் நிலத்துக்கும் நடுவே புதர் இல்லாத அகலமான வெளியை விடுங்கள். பன்றி திறந்தவெளியைக் கடக்கத் தயங்கும்.

காட்டுப்பன்றி விஷயத்தில் 2025 ஜனவரியில் வந்த அரசு ஆணைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் மட்டுமே சுட முடியும். மயில் 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது; விஷம் வைத்தால் சிறை. எலிமருந்தையும் குறையுங்கள். மருந்து தின்ற எலியைத் தின்னும் கூகையும் சாகலாம்.

பட்டா, உதவி

"காடு வளர்த்தால் வனத்துறை நிலத்தை எடுத்துக்கொள்ளுமா?" என்று பலர் கேட்கிறார்கள். பட்டா நிலத்தில் மரம் நின்றால் பட்டா பறிபோகாது. சந்தனம், செம்மரம் போன்ற சில மரங்களை வெட்ட அனுமதி வாங்க வேண்டும். மலைப்பகுதியாக அறிவிக்கப்பட்ட கிராமங்களில் மற்ற மரங்களுக்கும் தனி விதி உண்டு.

வருமானம் பற்றி ஆசை காட்ட விரும்பவில்லை. இலந்தை, நாவல், புங்கன் விதை, ஆட்டுக்குப் புல் எனச் சிறு வரவு இருக்கும், அவ்வளவுதான். அதனால் நல்ல நிலத்தை விடவேண்டாம். பயிருக்கு உதவாத மூலை, பாறை ஓரம், ஓடைக்கரை போதும். நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் வரப்போர நடவுக்கு ஏக்கருக்கு 50 கன்றுகள் வரை இலவசமாகத் தருகிறார்கள். உழவன் செயலியிலோ வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ பதிவு செய்யலாம். தேக்கு, மகோகனி என்று எடுத்துவைத்திருப்பார்கள். வேம்பு, புங்கன், நாவல் வேண்டும் என்று முன்கூட்டியே, ஆடி மாதத்துக்குள் சொல்லிவையுங்கள்.