தரம் ஒன்றுக்கு எங்கே சேர்ப்பது? கொஞ்சம் பழைய கதை



"சேர், பிள்ளைய இன்டர்நேஷனல்ல போடவா, கவர்மென்ட் ஸ்கூல்ல போடவா?" உக்குவளை, வரக்காமுறைப் பக்கத்து உம்மாமார் என்னிடம் இதைக் கேட்காத வருஷம் இல்லை. இந்த வருஷம் அதே கேள்வி என் வீட்டுக்குள்ளேயும் வந்துவிட்டது. வருகிற ஜனவரியில் மகளுக்கு ஐந்து வயது பூர்த்தியாகிறது.

இந்தக் கேள்வி புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் நம் முன்னோர்களும் இதே இடத்தில்தான் நின்றார்கள். அப்போது ஆங்கிலம் படிக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் மிஷன் பாடசாலைதான். மாத்தளை சென்ட் தோமஸ் 1873இலேயே வந்துவிட்டது. பிள்ளையின் ஈமான் போய்விடும் என்று நம்மவர்கள் பயந்தார்கள். அந்தப் பயம் வீண் பயமும் இல்லை. ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரியது. பிள்ளைகள் குர்ஆன் மத்ரஸாவோடும் கடையோடும் நின்றுபோனார்கள்.

கண்டியில் பிறந்த சட்டத்தரணி சித்திலெப்பை சொன்னது வேறு. பயந்து ஒதுங்க வேண்டாம், நமக்கென்று பாடசாலை கட்டுவோம் என்றார். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி இதையே திரும்பத் திரும்ப எழுதினார். 1892இல் மருதானையில் ஆரம்பித்த பாடசாலைதான் பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியானது. 1921 முதல் 1948 வரை அதிபராக இருந்த டி.பி. ஜாயா அதன் கிளைகளை வெளியூர்களிலும் திறந்தார். அவற்றில் ஒன்றுதான் நம் மாத்தளை ஸாஹிரா. அங்கே படித்த பலர்கூட அது தொடக்கத்திலிருந்தே அரசாங்கப் பாடசாலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. கண்டி திரித்துவக் கல்லூரி போன்ற சில, கட்டணம் வாங்கும் தனியார் பாடசாலைகளாகவே இருந்துவிட்டன. பிறகு 1960 டிசம்பரில் சிறிமாவோ அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள்ளேயே தங்கிப் போராடினார்கள்.

நமக்கு வேண்டிய விஷயம் அடுத்த வருஷத்துச் சட்டத்தில் இருக்கிறது. 1961ஆம் ஆண்டு 8ஆம் இலக்கச் சட்டப்படி, 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்கு அரசு தவிர வேறு யாரும் புதிதாகப் பாடசாலை தொடங்க முடியாது.

அப்படியென்றால் டவுனில் போர்டு மாட்டியிருப்பவை என்ன? 1977இல் திறந்த பொருளாதாரம் வந்த பிறகு, வெளிநாட்டவரின் பிள்ளைகளுக்கு என்று சொல்லி கொழும்பில் சர்வதேசப் பாடசாலைகள் தோன்றின. அவை கம்பனிச் சட்டத்தின் கீழ் பதியப்பட்டவை. அந்த வழியாகத்தான் மற்றவையும் வந்தன. மாத்தளையில் எந்த வெளிநாட்டுப் பிள்ளை படிக்கிறது என்று கேட்காதீர்கள்.

சட்டத்தின் பார்வையில் அது கடை மாதிரி ஒரு கம்பனி. நம் வகுப்புக்கு வருவது போல வலயக் கல்விப் பணிமனையிலிருந்து அங்கே யாரும் கொப்பி பார்க்க வருவதில்லை. ஆசிரியர் பயிற்சி பெற்றவரா என்று கேட்பாரும் இல்லை. அரசு 1980 முதல் கொடுக்கும் இலவசப் பாடநூலும் 1993 முதல் கொடுக்கும் சீருடையும் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை அரச பாடசாலைகளுக்கும் அரசு அங்கீகரித்த தனியார் பாடசாலைகளுக்கும் மட்டுமே. சாதாரண தரப் பரீட்சையை எழுதுவதென்றாலும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத்தான் எழுத வேண்டும்.

எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. நல்லவையும் உண்டு, உழைக்கிற டீச்சர்மாரும் உண்டு. பெற்றோர் ஏன் அங்கே போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆங்கிலம், சின்ன வகுப்பு, இஸ்லாமியச் சூழல், வாசலுக்கு வரும் வேன். நம் பக்கத்துக் குறையையும் மறைக்கக் கூடாது. தரம் ஒன்றுக்கான இடங்களில் பாதி அருகில் வசிப்பவர்களுக்கு, கால்வாசி பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு. இரண்டிலும் சேராத வாப்பா எங்கே போவார்? உள்ளே வந்த பிள்ளையும் நெருக்கிய வகுப்பில்தான் உட்கார வேண்டும்.

போன மாதம் நானும் மனைவியும் ஒரு இடத்துக்குப் போனோம். கட்டிடம் அழகு, ஏசி. தரம் ஒன்றுக்குப் படிப்பிப்பவரின் தகைமையைக் கேட்டேன். கட்டண விபரம் அச்சடித்த தாளைத் தந்தார்கள். "தமிழ் எத்தனை பாடவேளை?" என்றேன். "வீட்டுல பேசுறதுதானே சேர்" என்றார்கள். நாளைக்கு இதை மூடினால் பிள்ளையின் விடுகைப் பத்திரத்தை எந்தப் பாடசாலை ஏற்கும் என்ற கேள்விக்குச் சிரிப்புத்தான் பதில்.

ஸாஹிராவைக் கட்டியவர்களிடம் ஊரில் யாரும் கணக்குக் கேட்கலாம், ஏனென்றால் அது ஊரின் காசு. இங்கே கேட்கக்கூடியவர் கட்டணம் கட்டும் பெற்றோர் மட்டும்தான். ஆகவே சேர்ப்பதற்கு முன்பே கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

மனைவி இன்னும் ஒரு பாடசாலையைப் பார்க்கச் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை போகிறோம், இன்ஷா அல்லாஹ். வீட்டுக்குப் பக்கத்து அரச பாடசாலைக்கான விண்ணப்பத்தையும் நிரப்பி வைத்திருக்கிறேன்.