மறைந்து நின்ற வேடன்

மறைந்திருந்து வேட்டையாடும் கலை நமது தொண்டை மண்டலத்திற்குப் புதியதன்று. காஞ்சியை ஆண்ட இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, மானைக் காட்டி மானைப் பிடிக்கும் 'பார்வை' விலங்கைக் குறிப்பிடுகின்றது.

நெமிலி வட்டத்துக் காவேரிப்பாக்கம் ஏரி போன்ற பரந்த நீர்நிலைகளில் பறவையை அணுகுவது எளிதன்று. வாத்தின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்தவை. வேடன் எந்நிறம் உடுத்தினும் அவனது அசைவே அவனைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே இந்திய வேடர் ஒரு சூழ்ச்சி கண்டனர். முதலில் வெறும் பானைகளை நீரில் மிதக்க விடுவர். பறவைகள் அவற்றோடு பழகியபின், கண்துளையிட்ட பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கழுத்தளவு நீரில் மெல்ல நகர்ந்து, பறவையின் காலைப் பற்றி நீருள் இழுப்பர்.

பின்னர்த் துப்பாக்கி வந்தது, பொறுமை போயிற்று. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமென உணர்ந்த வேடந்தாங்கல் மக்கள், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வேட்டையைத் தடுக்க ஆணை பெற்றனர். 1858இல் அதனைப் புதுப்பித்துக் கொண்டனர். வேடனின் பெயர் தாங்கிய ஊரே பறவைக்குப் புகலிடமாயிற்று! 1972ஆம் ஆண்டுச் சட்டம் நாடெங்கும் வனவிலங்குகளுக்குக் காவல் தந்தது.

வேடனது கலை அழிய வேண்டுவதில்லை என்பேன். அசையாது நின்று, பறவையின் இயல்பறிந்து காத்திருத்தலே அதன் உயிர். கொல்வதற்குப் பயன்பட்ட அப்பொறுமை இன்று காண்பதற்குப் பயன்படட்டும்.